கணக்குக் கேட்கக் கிராமத்துக்குப் போனவர்

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் போயிருக்கீங்களா? திருமங்கலம் தாண்டினதும் கொஞ்ச தூரத்தில் டி.கல்லுப்பட்டி என்று ஒரு ஊர் வரும். நாலு வருஷமா ஒவ்வொரு லீவுக்கும் அந்த ஊர் வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போறேன். காதில் ஹெட்செட், கண்ணில் தூக்கம். கண்டக்டர் கல்லுப்பட்டி இறங்கு என்று கத்தும்போது முழிச்சு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு திரும்பத் தூங்கிடுவேன்.

இந்த நாட்டின் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகணும் என்பதைப் பற்றி நேருவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்ட ஒரு தமிழர், தன் கடைசி வருஷங்களை அந்த ஊரில்தான் கழித்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் பெயர் ஜே.சி.குமரப்பா.

எனக்கு அவரைத் தெரிய வந்த கதை கொஞ்சம் கேவலமானது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

செகண்ட் இயர்ல எங்க பேட்ச்சுக்கு ஒரு சர்வே கொடுத்தாங்க. பக்கத்துக் கிராமத்துக்குப் போய் 50 வீட்டில் படிவம் நிரப்பணும். வருமானம், கடன், நிலம், மாடு, கழிப்பறை, அப்புறம் கடைசிக் கேள்வி: இந்தப் பகுதியின் பொருளாதாரம் எந்தத் திசையில் வளரணும்? நாலு பதில்: தொழிற்சாலை, ஐ.டி., விவசாயம், சுற்றுலா. ஐந்தாவதா இதர என்று ஒரு கட்டம். நானும் ரெண்டு நண்பர்களும் போனோம். வெயில். 12 வீடு முடிச்சதும் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டோம். மீதி 38 படிவத்தை ராத்திரி மெஸ் முடிஞ்சு ரூமில் உட்கார்ந்து நாங்களே நிரப்பினோம். அந்த 38 பேருக்கும் பெயர் வச்சோம், மாடு கொடுத்தோம், கடன் கொடுத்தோம், கருத்தும் கொடுத்தோம். பை சார்ட் அழகா வந்தது. நல்ல மார்க்கும் வந்தது.

போன வருஷம் இன்ஜினியர்ஸ் டே விழாவில் விஸ்வேஸ்வரய்யா பற்றிப் பேசச் சொன்னாங்க. அணை, வெள்ளக் கதவு எல்லாம் எல்லாரும் பேசிட்டாங்களே என்று, 1934-ல் அவர் எழுதிய திட்டமிட்ட பொருளாதாரம் பற்றிய புத்தகத்தைத் தேடினேன். தேடப் போன இடத்தில் 1938-ல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவின் உறுப்பினர் பட்டியல் கிடைத்தது. விஞ்ஞானிகள், தொழிலதிபர்கள், பொருளாதாரப் பேராசிரியர்கள். நடுவில் குமரப்பா என்று ஒரு பெயர். நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கே, யார் இந்த ஆள் என்று பார்த்தேன். படிக்கப் படிக்க அந்த 38 படிவங்கள்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று நீங்களே பாருங்க.

கோட் சூட் போட்ட கார்னீலியஸ்

1892 ஜனவரி 4, தஞ்சாவூர். ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. பையனுக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். சென்னையில் பள்ளிப்படிப்பு, பிறகு லண்டனில் கணக்குத் தணிக்கைப் படிப்பு. 1919-ல் திரும்பி வந்து பம்பாயில் வேலை. அப்புறம் கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாகவே தணிக்கை அலுவலகம். உடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே வெள்ளைக்காரப் பாணி. சுருக்கமாச் சொன்னா, அந்தக் காலத்துக் கனவுப் பேக்கேஜ் வாங்கிட்டு இருந்த ஆள்.

1927-ல் அமெரிக்கா போனார். போன இடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற தலைப்பில் பேசினார். அந்தப் பேச்சைப் பற்றிய செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், இதையே ஆய்வாகச் செய் என்று சொல்லிவிட்டார். செலிக்மன் சாதாரண ஆள் இல்லை. வரி, அரசு நிதி பற்றிய படிப்பில் அன்றைக்கு உலகமே மதித்த பெயர்.

குமரப்பா தணிக்கையாளர் இல்லையா, அந்தக் கண்ணோடு பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவைத் திறந்து பார்த்தார். வரி யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது? பெரும் பங்கு ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகள் சம்பளத்துக்கும் போனது. கொடுத்த விவசாயிக்குத் திரும்பி வந்தது ரொம்பக் கொஞ்சம். இதுவரை அவர் பல கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர். இப்போ ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கில் கையெழுத்துப் போட முடியாமல் நின்றார். கார்னீலியஸாக அமெரிக்கா போனவர் 1929-ல் இந்தியா திரும்பினார். அந்த வருஷமே குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

54 கிராமங்கள்

ஆய்வைப் புத்தகமாகப் போடணும். காந்தியிடம் காட்டினால் நல்லது என்று யாரோ சொல்ல, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். இந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்லப்படுகிற கதை உங்களுக்குப் பிடிக்கும். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய்விட்டார். மரத்தடியில், சாணி மெழுகின தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. நாற்காலி கிடையாது. இஸ்திரி போட்ட சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வாழ்க்கை முழுக்க அவர் அந்தத் தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஆய்வை யங் இந்தியாவில் தொடராகப் போட காந்தி ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாதர் என்று ஒரு தாலுகா. அங்கே விவசாயி உண்மையில் எப்படி வாழ்கிறான் என்று கணக்கெடுக்கணும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. குமரப்பாவுக்கு அப்போ 37 வயசு. குஜராத்தி தெரியாது. கிராமத்தில் வாழ்ந்த பழக்கமே கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து அரசாங்கப் புள்ளிவிவரத்தை வைத்தே ஒரு அறிக்கை எழுதியிருக்கலாம். கொலம்பியாவில் படித்தவர் எழுதினதை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனா அவர் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களுக்குப் போனார். வீடு வீடாக. நிலம் எவ்வளவு, அதில் என்ன விளைந்தது, விதைக்கு என்ன ஆச்சு, மாட்டுத் தீனிக்கு என்ன ஆச்சு, வட்டி எவ்வளவு, வரி எவ்வளவு, சாப்பிட்டது போக என்ன மிச்சம். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை பண்ற மாதிரியே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரவு செலவு போட்டார். நிறைய வீடுகளில் மிச்சம் இல்லை, துண்டுதான் விழுந்தது. ஆனா நிலவரி மட்டும் விளைந்ததா இல்லையா என்று பார்க்காமல் வந்து நின்றது.

அந்த அறிக்கை 1931-ல் புத்தகமாக வந்தது. விவசாயியின் வாழ்க்கை இப்படித்தான் என்று மேலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு, கீழிருந்து வந்த பதில் அது. அந்தச் சர்வேக்குப் போனவர்களும் நம்மை மாதிரி காலேஜ் பசங்கதான். அவங்களுக்கும் வெயில் அடிச்சிருக்கும்.

அடுத்த சில வருஷங்கள் வேகமாக ஓடின. உப்புச் சத்தியாகிரகம், யங் இந்தியா பொறுப்பு, எழுதியதற்காகச் சிறை. 1931-ல் இன்னொரு கணக்கு வேலை வந்தது: இந்தியாவின் பெயரில் இருக்கிற கடனில் எது உண்மையிலேயே இந்தியாவுடையது, எது பிரிட்டன் தன் காரியத்துக்காக நம்ம தலையில் கட்டியது என்று பிரித்துச் சொல்லும் குழு. அதிலும் குமரப்பா இருந்தார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில். காந்தியும் கூட வருகிறவர்களும் அங்கே வரும்போது அவர்கள் செலவை நிவாரணப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது, சொந்தமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் என்பார்கள். வீடு இழந்தவனுக்காக வந்த பணம், அது மகாத்மாவாகவே இருந்தாலும் கிடையாது. நம்ம சிம்போசியம் டிரெஷரர்கள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கலாம்.

மகன்வாடி என்கிற லேப்

1934 கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பமானது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில். செயலாளர் குமரப்பா. இதைப் படிக்கும்போது ராட்டையும் பிரார்த்தனையும் மட்டும் உங்க கண்ணில் வந்தா, அது தப்பு. அது ஒரு ஆர் அண்ட் டி சென்டர் மாதிரி இருந்தது. எண்ணெய்ச் செக்கின் அமைப்பை மாற்றி, மாட்டுக்குப் பாரம் குறைந்து எண்ணெய் கூடுதலாக வரும்படி செய்தார்கள். கையால் காகிதம் செய்தார்கள். தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், சோப்பு, மண்பாண்டம் எல்லாவற்றிலும் பரிசோதனை நடந்தது. வெளியிலிருந்து வாங்க வேண்டிய மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊரிலேயே கிடைக்கும் தாவர எண்ணெயில் எரிகிற ஒரு விளக்கை வடிவமைத்தார்கள். பெயர் மகன் தீபம். ஒரு விளக்கை வாங்கினால் காசு ஊருக்குள் சுற்றுமா, ஊரை விட்டு வெளியே போகுமா? இதுதான் டிசைன் பண்ணும்போது அவர்கள் கேட்ட கேள்வி. நாலு வருஷத்தில் எந்த லேப்பிலும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியில் சத்து போய்விடுகிறது, கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் நிறைய. இன்னைக்கு மரச்செக்கு எண்ணெயும் கைக்குத்தல் அரிசியும் எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்குதுன்னு உங்க அம்மாவைக் கேளுங்க. ஏழை சாப்பிடணும்னு சொன்ன சாமான், வசதி இருக்கிறவன் வாங்கும் சாமானா ஆயிடுச்சு. குமரப்பா இருந்திருந்தா இதுக்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

ஒரே மேசை, ரெண்டு இந்தியா

இப்போ அந்தப் பட்டியலுக்கு வருவோம். 1938-ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவர். சுதந்திரம் வரப்போகுது, வந்தா பொருளாதாரத்தை எப்படி நடத்துறது என்று முன்கூட்டியே யோசிக்க தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். தலைவர் ஜவஹர்லால் நேரு. விஸ்வேஸ்வரய்யா இருந்தார், இயற்பியலாளர் மேகநாத் சாஹா இருந்தார், வால்சந்த் ஹீராசந்த், அம்பாலால் சாராபாய் மாதிரி தொழிலதிபர்கள் இருந்தார்கள். தொழிலாளர் பக்கம் என்.எம்.ஜோஷி. கிராமக் கைத்தொழில் பக்கம் குமரப்பா.

விஸ்வேஸ்வரய்யாவின் வாதம் நமக்குப் பழக்கமானது. பெரிய ஆலை, இரும்பு, மின்சாரம், இயந்திரம். இது இல்லாவிட்டால் நாடு பின்தங்கிப் போகும். சாஹாவும் கிட்டத்தட்ட அதேதான். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஏழ்மை ஒழியணும் என்றுதான் எல்லாருமே நினைத்தார்கள். குமரப்பா கேட்டது வேறு. கோடிக்கணக்கான கைகள் சும்மா இருக்கிற நாட்டில், கையைக் குறைக்கிற இயந்திரத்தை முதலில் வாங்குவது என்ன கணக்கு? உற்பத்தி கூடும், சரி. அந்தப் பணம் யார் கைக்குப் போகும்? பங்கு போட்டுக் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கலாம் என்றால், அந்த அப்புறம் எப்போ வரும்?

அந்த மேசையில் அது கிட்டத்தட்ட தனிக்குரல். குழு போகிற திசை தெரிந்ததும், சில மாதங்களில் விலகிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வெளியே போனா எப்படி? உள்ளே இருந்து சண்டை போட்டிருக்கணும். இப்பவும் அது எனக்கு ஒரு குறையாத்தான் தெரியுது. ஆனா ஒன்று கவனிச்சேன். 1944-ல் பெரிய தொழிலதிபர்கள் சேர்ந்து பம்பாய் திட்டம் போட்டார்கள். 15 வருஷத்தில் தலா வருமானத்தை இரட்டிப்பாக்கலாம் என்றார்கள். காந்தியவாதிகள் ஒரு திட்டம் போட்டார்கள். 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது, காங்கிரஸ் ஜெயித்தது. 1956-ல் ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில் பக்கம் போனது. இந்த மொத்தக் கதையிலும், மாதர் தாலுகாவில் நடந்த மாதிரி ஜனங்க வீட்டு வாசலில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேணும், உன் கணக்கு என்ன சொல்லுது என்று கேட்டது எங்கே? ஓட்டுப் போட்டாங்க, உண்மைதான். ஆனா இரும்பு ஆலையா, செக்கா என்று அந்தச் சீட்டில் தனியா ஒரு கட்டம் இருந்ததில்லை. மக்கள் கருத்து என்று மேசையில் இருந்தவர்கள் பேசியது பெரும்பாலும் அவங்கவங்க நிரப்பிக்கொண்ட படிவம்தான். குமரப்பாவிடம் மட்டும்தான் நிஜப் படிவங்கள் இருந்தன என்று சொல்ல மாட்டேன். அவரிடம் 54 கிராமத்து ஞாபகம் இருந்தது. அது போதும், ஒரு மனிதனைத் தொந்தரவு பண்ண.

ஜெயிலில் எழுதிய பாடப்புத்தகம்

இரண்டாம் உலகப் போர் நேரம். அரசாங்கம் நோட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டுத் தானியத்தையும் சாமானையும் அள்ளிக்கொண்டு போகிறது, விலைவாசி ஏழையைக் கொல்லுகிறது என்று குமரப்பா எழுதினார். பணவீக்கம் என்று நாம் மேனேஜ்மென்ட் பேப்பரில் ரெண்டு மார்க்குக்கு எழுதுகிற விஷயத்தை எழுதினதுக்காக அவருக்கு ஜெயில். ஜபல்பூர் சிறையில் இருக்கும்போது ரெண்டு புத்தகம் எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றி. இன்னொன்று, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி. ரெண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார்.

ரெண்டாவது புத்தகத்தில் உள்ள ஒரு விஷயம் நம்ம எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொருந்தும். இயற்கையில் வளம் ரெண்டு வகை என்கிறார். ஒன்று தொட்டி மாதிரி: நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம். எடுக்க எடுக்கக் குறையும். இன்னொன்று ஓடுகிற ஆறு மாதிரி: ஓடும் தண்ணீர், காற்று, வளர்கிற மரம். அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தொட்டியை நம்பிப் பொருளாதாரம் கட்டினால், தொட்டி வற்ற வற்ற ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்வார்கள், நாடுகள் சண்டைக்குப் போகும். ஓட்டத்தை நம்பிக் கட்டினால் நிலைக்கும். இதை எழுதினது 1940-களில். சோலார், விண்ட் என்று நாம் எலெக்டிவ் எடுத்துப் படிப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னாடி.

இன்னொன்றும் சொன்னார். உயிர்கள் வாழ்வதைப் பார்த்துப் பொருளாதாரத்தை ஐந்து படியாகப் பிரித்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தோப்பில் தான் எதுவும் செய்யாமல் மாங்காயை மட்டும் பறிக்கும் குரங்கு ஒரு வகை. தன் உழைப்பில் கூடு கட்டும் பறவை அடுத்த படி. கூட்டமாக உழைத்துக் கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ அதற்கு மேல். திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை கொடுக்கும் தாய் எல்லாவற்றுக்கும் மேல். ஒரு நாட்டுப் பொருளாதாரம் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே அது எங்கே போகும் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. வளர்ச்சி எத்தனை சதவீதம் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அவர் கேட்டது, புலியா தேனீயா என்று.

பிறகு 1973-ல் ஷூமாக்கர் எழுதிய சிறியதே அழகு புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் சொல்லித்தான் நம்மவர் நமக்குத் தெரிகிறார். எனக்கும் அப்படித்தான், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு

காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பாவைத் தலைவராகப் போட்டது. 1949-ல் அறிக்கை வந்தது. இடைத்தரகர்கள் கூடாது, உழுகிறவனுக்கே நிலம், ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு. பேப்பரில் இருந்தது எல்லாம் நிலத்துக்கு வந்ததா என்றால், நம்ம ஊரைப் பார்த்தாலே பதில் தெரியும். 1951-ல் சீனா போய் வந்தார், 1952-ல் சோவியத் யூனியன். அங்கே நிலத்தைப் பங்கிட்டதைப் பாராட்டிப் பேசினதும், இந்தக் கதர்க்காரர் கம்யூனிஸ்ட் ஆகிட்டாரா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர் கட்சி பார்க்கவில்லை, கணக்கைத்தான் பார்த்தார்.

டெல்லியில் நடந்ததாக ஒரு கதை உண்டு. திட்டக் கூட்டம் ஒன்றுக்குக் குதிரை வண்டியில் போனார். இந்த ரோட்டில் குதிரை வண்டி போகக்கூடாது என்று போலீஸ் தடுத்தது. நேருவிடமே சண்டைக்குப் போனார். மோட்டார் வண்டிகளால் குதிரை வண்டிக்கு ஆபத்து, உங்க பாதுகாப்புக்குத்தான் என்றாராம் நேரு. ஆபத்து உண்டாக்குவது மோட்டார் என்றால் தடை அதற்குத்தானே போடணும் என்றாராம் இவர். சிரிப்பா இருக்கும். ஆனா ஒரு புது ரோடு போடும்போது சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும் என்ன ஆகுது என்று நம்ம காலேஜ் வாசல் ஹைவேயைப் பார்த்துட்டு ஒரு தடவை யோசிங்க.

எனக்கு ஒத்துவராத இடம்

குமரப்பாவைச் சாமியாக்க நான் வரலை. என் தாத்தா கூலி வேலை செய்தவர். ஊரில் எந்தத் தெருவில் செருப்பு போட்டு நடக்கலாம், எந்தக் கடையில் எந்த டம்ளர் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. என் அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டப் போனபோதுதான் வாழ்க்கையில் முதல் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பார். பெரிய ஆலையும் டவுனும் இல்லாவிட்டால் நான் இந்தக் காலேஜில் இல்லை, இந்த மேகசினில் எழுதவும் மாட்டேன். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்கிறவர்களைக் கடுமையாக விமர்சித்தார். அவர் எதைச் சொன்னார் என்பது என் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செக்கை மேம்படுத்தலாம். செக்கை யார் ஆட்டணும், எண்ணெயை யார் தொடலாம் என்று ஊர் வைத்திருக்கிற சட்டத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் குமரப்பாவின் புத்தகத்தில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கலை.

அதே நேரம், அப்பா ஓட்டின அந்த லேத்தை இப்போ ஒரு சி.என்.சி. மெஷின் ஓட்டுது. அப்பா வீட்டில் இருக்கார். நான் எடுத்திருக்கிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் ஒரு ஆட்டோமேஷன்தான். கையைக் குறைக்கிற மெஷினை முதலில் வாங்குவது என்ன கணக்கு என்று 1938-ல் ஒருத்தர் கேட்டது, எங்க வீட்டு ஹாலில் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. ஆக, ரெண்டு பேர் சொன்னதும் என் வீட்டுக்குள்ளேயே உண்மையா இருக்கு. எந்தக் கட்டத்தில் டிக் போடறதுன்னு எனக்குத் தெரியலை.

கல்லுப்பட்டி

ரத்த அழுத்தம் குமரப்பாவை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். 1950-களின் நடுவில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் அறையில் காந்தி படத்தோடு ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்ததாம். காந்தி தன் குரு என்றும், இந்த விவசாயி தன் குருவுக்கும் குரு என்றும் வருகிறவர்களிடம் சொல்வாராம். டெல்லியில் பெரிய ஆலைத் திட்டங்கள் தயாராகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அவர் இங்கே இருந்தார். தோற்றுப்போன ஆள் என்று பலரும் நினைத்திருப்பார்கள். 1960 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அதே தேதியில், சென்னையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 68.

இப்போ என் 38 படிவத்துக்கு வரேன்.

நாங்க நிஜமாகவே போன 12 வீட்டில் ஒரு பாட்டி இருந்தாங்க. ஆடு வளர்க்கிறவங்க. கடைசிக் கேள்வியைப் படிச்சுக் காட்டினேன். பாதி இங்கிலீஷ், பாதி புத்தகத் தமிழ். தொழிற்சாலையா, ஐ.டி.யா, விவசாயமா, சுற்றுலாவா? அவங்க பதில் சொல்லலை. இதை யாரு கேக்கச் சொன்னா என்று திருப்பிக் கேட்டாங்க. காலேஜில் என்றேன். சிரிச்சாங்க. அப்புறம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பஸ் இல்லை, சந்தையில் ஆடு விலை படியறதுக்கு முன்னாடியே கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கு, அதனால வியாபாரி கேக்கிற விலைக்கே கொடுத்துட்டு வரேன், முடிஞ்சா அதை எழுதிக்கோ என்றாங்க. அதுக்குப் படிவத்தில் இடம் இல்லை. இதர என்று டிக் போட்டேன். பை சார்ட்டில் அது ரெண்டு சதவீதம். ரொம்பச் சின்னத் துண்டு என்று பிரசன்டேஷனில் அதுக்குக் கலர்கூட சரியா கொடுக்கலை.

அந்த ஆறு மணி பஸ் குமரப்பா கையில் கிடைத்திருந்தா, ஒரு ஆட்டுக்கு எவ்வளவு நஷ்டம், வருஷத்துக்கு எத்தனை ஆடு, அந்தப் பணம் யார் பைக்குப் போகுது என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கிராமத்துப் பொருளாதாரம் எந்தத் திசையில் போகணும் என்பதற்கு எங்க 50 படிவத்தில் இருந்த ஒரே நிஜமான பதில் அதுதான்னு எனக்கு இப்போ தோணுது.

நாங்க நிரப்பின ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் அலமாரியில் இன்னும் இருக்கு. எந்த வீடு நிஜம், எந்த வீடு நாங்க உண்டாக்கினது என்று எங்களுக்கே இப்போ பிரிக்கத் தெரியாது. அதனால இனி அதைத் திருத்த முடியாது.

இந்த செமஸ்டர் செகண்ட் இயருக்கு அதே சர்வே வருது. ஜூனியர்ஸ், உங்ககிட்ட ஒன்றே ஒன்று. 50 வீடு முடியலைன்னா 12 வீடுன்னே எழுதுங்க. இதர கட்டத்துக்குப் பக்கத்தில் இடம் பத்தலைன்னா பின்பக்கம் எழுதுங்க. மார்க் கொஞ்சம் குறையலாம்.

நான் அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது கல்லுப்பட்டியில் இறங்கறதா இருக்கேன். அதுக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை, அந்தப் பாட்டி வீட்டுக்கு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போகணும். ஆறு மணிக்குள்ள திரும்பணும், பஸ் இல்லை.